மூன்றாவது கியர் விழவில்லை

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகச் சொன்னால், வண்டி இரண்டிலும் இல்லாமல் மூன்றிலும் இல்லாமல் நடுவில் நின்றுகொண்டு கத்தியது.

முறுக்க முறுக்கச் சத்தம்தான் ஏறியது, வேகம் இறங்கியது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஒரு வழியாக ஒதுங்கி முன்னே வந்தவன், தலையை வெளியே நீட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

"யோவ், ஓட்டத் தெரியலேன்னா உருட்டிக்கிட்டுப் போய்யா!"

பதினோரு வருஷமாக அதே வண்டியை, ஆறு வருஷமாக அதே ஏழு கிலோமீட்டர் சாலையில் ஓட்டுகிற மனுஷனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது? சாம்பிளுக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய, மறுபடி இரண்டாவதுக்கு மிதித்தார். இறங்குவது மட்டும் ஜோராக இறங்கியது. ஏறுவதுதான் ஏறமாட்டேன் என்றது.

சாம்பிள் என்பது அவர் பெயர் இல்லை. குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் தினமும் வந்து குவிகிற தண்ணீர் பாட்டில்களுக்கு நம்பர் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்காகக் கொஞ்சம் எடுத்து வைப்பதுதானே சாம்பிள் என்று எவனோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. இந்த மாதக் கடைசியில் அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு வரப்போகிறது. மேனேஜர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஒரே நிபந்தனை, மாதத்தில் மூன்று லேட்டுக்கு மேல் போகக் கூடாது. நான்காவது விழுந்தால் கோப்பு திரும்பிப் போய்விடும், ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி தலையைக் காட்டும்.

அந்தத் திங்கட்கிழமை அவர் உள்ளே நுழைந்தபோது மணி ஒன்பது பன்னிரண்டு.

வாசல் ஷெல்ஃபில் ஷூவைக் கழற்றித் தன் இடத்தில் வைத்தார். பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அவரைப் பார்த்தாள், அவர் ஷூவைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

'லேட்டா வந்தவன்கிட்ட என்ன பேசறதுன்னு நினைச்சிருப்பா' என்று சாம்பிள் நினைத்துக்கொண்டார்.

உள்ளே மேனேஜர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "மணி என்னய்யா ஆகுது?"

"வண்டியில கியர் விழலை சார்."

"உனக்கு லேட் விழுந்துடுச்சு. ஒண்ணு."

இந்த மேனேஜர் போன சனிக்கிழமை வரை தங்கமான மனுஷன். யாராவது லேட்டாக வந்தால் 'சாப்பிட்டியாய்யா' என்று கேட்பார். என்ன ஆயிற்றோ, திங்கட்கிழமையிலிருந்து எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடித்துக்கொண்டிருந்தார். சம்சாரத்தோடு சண்டை என்றார் ஒருவர். சர்க்கரை ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்றார் மூன்றாமவர். மூன்று பேரும் தங்களுக்கு நேரடியாகத் தெரியும் என்று சத்தியம் செய்தார்கள்.

சாம்பிளுக்கு மேனேஜர் மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் மச்சான் மேல்தான். சனிக்கிழமை காலையில் சாம்பிளை ஆபீஸில் இறக்கிவிட்டு, 'ஒரு கல்யாணம் மாமா, போயிட்டு வந்துடறேன்' என்று வண்டியைக் கொண்டுபோனவன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் கொண்டுவந்து விட்டான். திங்கட்கிழமை கியர் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"உன் தம்பி என் வண்டியை என்னமோ பண்ணிட்டான்" என்றார் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே.

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"பதினோரு வருஷமா ஆடறேன்டி! இன்னைக்குத்தான் கூடம் கோணலாச்சு!"

"என் தம்பி கை பட்டா கெட்ட வண்டியும் நல்லாகும். அவன் எத்தனை வீடியோ பார்க்கிறான் தெரியுமா? இருங்க, அவனையே வரச்சொல்றேன்."

வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்டது அப்போதுதான்.

மச்சான் ஒரு ஸ்பேனரோடும் போனோடும் வந்தான். வீடியோவை ஓடவிட்டு, வண்டியைப் படுக்கவைக்காத குறையாகச் சுற்றிச் சுற்றி வந்தான். "கிளட்ச் கேபிள் டைட்டா இருக்கு மாமா. அதான் கியர் முரண்டு பிடிக்குது. கொஞ்சம் லூஸ் பண்ணிவிட்டா வெண்ணெய் மாதிரி விழும்."

"நீ சனிக்கிழமை என்னடா பண்ணினே?"

"போனேன், வந்தேன். அவ்வளவுதான் மாமா. பெட்ரோல்கூடப் போட்டேன்."

அவன் பெட்ரோல் போட்டதாகச் சொன்னதிலிருந்தே அவன் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று சாம்பிளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிளை லூஸ் செய்தார்கள். செருப்புக் காலோடு தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தார் சாம்பிள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! நிஜமாகவே வெண்ணெய்தான்.

"நான் சொல்லல?" என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் மூன்றாவது கியர் பழையபடி விழவில்லை. அதோடு போயிற்றா? கேபிள் அளவுக்கு மீறித் தளர்ந்திருந்ததால், கிளட்சைப் பிடித்தாலும் வண்டி முழுசாக விடுபடாமல் முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தது. சிவப்பு விளக்கில் எல்லாரும் நின்றார்கள். சாம்பிளின் வண்டி மட்டும், கிளட்சும் பிரேக்கும் பிடித்த நிலையில், கிழவன் கோயில் சுற்றுகிற வேகத்தில் போய், முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தை மெதுவாக முட்டியது.

கார்க் கதவு திறந்தது. ஒரு கால் இறங்கியது. "ஸ்ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அடுத்த கால். நொண்டி நொண்டிப் பின்னால் வந்து நின்றவர் மேனேஜர்.

"நீயா!"

"சார், கிளட்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சார் இருந்தேன்."

"உன் கழுத்தைப் பிடிச்சா சரியாயிடும். லேட். ரெண்டு!"

"இன்னும் மணி ஒன்பது ஆகலையே சார்?"

"நம்ம பேசி முடிக்கிறதுக்குள்ள ஆயிடும்."

சொன்னபடியே ஆயிற்று. மேனேஜர் சொன்னால் அப்படித்தான், சொன்னது நடந்துவிடும். ஷூ விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன்.

போன மாதம் கூடத்தில் யாரோ ஒருவர் காலில் கண்ணாடி பாட்டில் விழுந்துவிட்டது. உடனே மேனேஜர் எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்பு ஷூ, முன்பக்கம் இரும்பு வைத்து, கனமாக வாங்கிப் போன சனிக்கிழமை மதியம் கையால் கொடுத்தார். தானும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டார். எல்லாம் சரி. ஆனால் வெளியில் போட்ட காலணியோடு கூடத்துக்குள் போகக் கூடாது. வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே ரப்பர் செருப்பில்தான் நடமாட வேண்டும். அப்படியென்றால் பாட்டில் விழுகிற இடத்தில் ஷூ இருக்காது, ஷூ இருக்கிற இடத்தில் பாட்டில் விழாது. இதை ஒரு வாயாடி கேட்டுத் தொலைத்தான். மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. திங்கட்கிழமை விடிகிறபோது ஷெல்ஃபுக்கு மேலே சுவரில் ஒரு சுற்றறிக்கை தொங்கியது.

'ஊழியர்கள் பணிக்கு வரும்போதும் திரும்பும்போதும் புதிய காலணியைக் கட்டாயம் அணிய வேண்டும். அதன் தரம், அளவு, அவசியம் குறித்து எவரும் எக்காரணம் கொண்டும் வாய் திறக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.'

சாம்பிள் வாய் திறக்கவில்லை. திறக்க ஒன்றும் இல்லை. 'போடப் போட விரிஞ்சு கொடுக்கும்யா' என்று மேனேஜர் சொன்னது, அன்று சாயங்காலமே பலித்துவிட்டது. மதியம் கச்சிதமாக இருந்த ஷூ, வீட்டுக்குக் கிளம்பும்போதே தாராளமாக விரிந்து கொடுத்திருந்தது. பெரிய மனுஷன் வாக்கு என்று மெச்சிக்கொண்டு, இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். அப்பேர்ப்பட்ட வாக்கு, இப்போது அவர் தலையிலேயே லேட்டாக விழுந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றி, கால் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியை உருட்டியபடி தெருமுனை மெக்கானிக்கிடம் போனார்.

அந்த மெக்கானிக்குக்குத் தெருவில் டாக்டர் என்று பெயர். ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு வண்டிக்காரரைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளாங்க."

"ஏறும்போதா, இறங்கும்போதா?"

"ஏறும்போதுதான்."

"வேற யாராவது கை வச்சாங்களா?"

"மச்சான்..."

டாக்டர் உச்சுக்கொட்டினார். கேபிளைப் பழையபடி இழுத்துக் கட்டினார். எண்ணெயை மாற்றினார். செயினைத் தட்டிப் பார்த்தார். பிறகு ரப்பர் செருப்பும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஏறி உட்கார்ந்து, தெருக்கோடி வரை பறந்துபோய்த் திரும்பினார்.

"வண்டி குதிரை மாதிரி இருக்கு. நீங்க ஓட்டிக் காட்டுங்க."

சாம்பிள் ஓட்டிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"பாத்தீங்களா? நோய் வண்டியில இல்ல சார். மேல உக்கார்ற ஆளுகிட்ட. லீவருக்கு அடியில கால் விரலை முழுசாக் கொடுத்து ஏந்தணும். பூவை எடுக்கிற மாதிரி. உங்களுக்கு ஆபீஸ் டென்ஷன், அரைகுறையா ஏந்துறீங்க, அது பாதியில நின்னுடுது."

புதன்கிழமை முழுக்கப் பூவை எடுக்கிற மாதிரியே ஏந்தினார். பூ வரவில்லை. மயிரிழையில் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தார். வியாழக்கிழமை அந்த மயிரிழையும் இல்லை. மேம்பாலம் ஏறும்போது கியர் நடுவில் மாட்டி, வண்டி பின்னாலேயே சறுக்கி, மூன்று பேர் சேர்ந்து பிடித்து நிறுத்தினார்கள்.

"மூணு" என்றார் மேனேஜர். அதற்குள் அவர் நடையே மாறியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் சுவரைத் தொட்டுக்கொண்டு போனார்.

வாசலில் அக்கா மறுபடி வாயெடுத்தாள். "சார், வந்து..."

"என்னக்கா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல சார். நல்லாயிருங்க."

அந்த 'நல்லாயிருங்க' சாம்பிளை என்னவோ செய்துவிட்டது. கடைசியாகப் பார்க்கிற ஆளிடம் சொல்கிற மாதிரி இருந்தது. பாட்டிலுக்கு நம்பர் ஒட்டுவது அன்று முழுக்கத் தப்பித் தப்பிப் போனது. நூற்றுப்பதினாறு இரண்டு முறை வந்தது, நூற்றுப்பதினேழு வரவே இல்லை.

வெள்ளியும் சனியும் சீக்கிரமே கிளம்பி எப்படியோ ஒன்பதுக்குள் தப்பித்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனார். செருப்புக் காலோடு உல்லாசமாகப் போனார். போகவர முப்பது கிலோமீட்டர், ஒரு கியர் தப்பவில்லை. சாம்பிளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"இந்த வண்டிக்கு ஆபீஸ் போகப் பிடிக்கலடி."

"என்ன உளர்றீங்க?"

"உங்க அக்கா வீட்டுக்கு இவ்வளவு ஆசையாப் போகுது. ஆபீஸ்னா மட்டும் முரண்டு பிடிக்குது. அதுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

"அதுக்குத் தெரியுது, உங்களுக்குத்தான் தெரியல" என்றாள். ஆனால் இறங்கும்போது அவர் தோளை ஒரு அழுத்து அழுத்தினாள். "நாளையிலேருந்து நேரத்தோட போயிடுங்க. ஆறு வருஷம் பொறுத்தாச்சு. இந்த ஒரு வாரம் தாண்டிட்டா நமக்கு விடியல். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைங்க."

அந்தக் குரல் கேட்டதும் சாம்பிள் நேராக டாக்டரிடம் போனார். "எனக்கு எதுவும் தெரியாது. நாளைக்கு எனக்கு எல்லா கியரும் விழணும்."

டாக்டர் யோசித்தார். காலை வைக்கச் சொன்னார். செருப்புக் காலைக் கால்தாங்கியில் வைத்துக் காட்டினார் சாம்பிள். டாக்டர் குனிந்து, விரலுக்கும் லீவருக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தன் கட்டைவிரலால் அளந்தார்.

"இவ்வளவு இடம் எதுக்கு? கால் அலையுது. லீவரை ஒரு பல் கீழ இறக்கி, உங்க காலுக்கே அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி பண்ணித்தர்றேன்."

பண்ணியும் தந்தார். அந்தச் செருப்புக் காலுக்கு அது அவ்வளவு பாந்தமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினால்கூடக் கியர் விழுந்தது.

திங்கட்கிழமை, எட்டு மணிக்குக் கிளம்புகிற ஆள் ஏழேகாலுக்கே கிளம்பினார் சாம்பிள். முதல் கியர் விழுந்தது. இரண்டாவதுக்குக் காலை லீவருக்கு அடியில் கொடுத்தார். கால் போகவில்லை. சாய்த்துக் கொடுத்தார், போகவில்லை. பக்கவாட்டில் நுழைத்தார், போன கால் திரும்ப வரவில்லை. ஒருவழியாக உருவி எடுத்து, முதல் கியரிலேயே, ஏழு கிலோமீட்டரும், உயிர் போகிற ஓலத்தோடு போனார். சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். நடைப்பயிற்சி போன ஒரு தம்பதி கொஞ்ச தூரம் கூடவே வந்து நலம் விசாரித்தார்கள். எஞ்சின் சூடேறி மூன்று முறை நின்றது, மூன்று முறையும் ஆறவைத்துக் கிளப்பினார். நாலாவது முறை, ஆபீஸ் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அடியோடு படுத்துவிட்டது.

தள்ளிக்கொண்டு ஓடினார். பட்ட காலிலே படும் என்பார்கள். தொளதொளத்த ஷூ தடுக்கி இரண்டு முறை விழுந்தார்.

மணி ஒன்பது நான்கு.

மேனேஜர் அறைக்குப் போனபோது உள்ளே அவர் இருந்த கோலத்தைப் பார்த்துச் சாம்பிள் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் பரிசோதிக்கிற பெரிய கண்ணாடித் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, அதில் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மேனேஜர். கட்டைவிரல் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன.

"கதவைச் சாத்துய்யா. யாருகிட்டயும் சொல்லாதே." மேனேஜர் குரலில் தெம்பே இல்லை. "எட்டு நாளா இந்த வேதனை. என்ன வியாதின்னே தெரியல. இன்னைக்கே நகத்தைப் பிடுங்கணும்கிறான் ஆஸ்பத்திரியில."

"ஐயையோ சார்!"

"நாலாவது லேட் போட்டாச்சு. கோப்பு சாயங்காலம் திரும்பிப் போகும். நான் என்னய்யா பண்ணட்டும்?"

சாம்பிளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை. "ஆறு வருஷம் சார். வீட்டுல அவ தூங்கவே இல்ல சார். எல்லாம் அந்தப் பாழாப்போன கியரால."

மேனேஜர் அவரையே பார்த்தார். வலி வந்த மனுஷனுக்கு அடுத்தவன் வலி சில சமயம் தெரியும். "விதியில ஒரே ஒரு வழி இருக்கு. ஆபீஸ் காரணமா ஆன லேட் கணக்குல வராது. ஆனா உன் வண்டி கியருக்கும் நம்ம ஆபீஸுக்கும் என்னய்யா சம்பந்தம்? நீயே சொல்லு. சொன்னா இப்பவே நாலையும் அழிச்சுடறேன்."

சாம்பிள் யோசித்தார். வண்டிக்கு ஆபீஸ் பிடிக்கவில்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"ஒரு சம்பந்தமும் இல்ல சார்."

"எனக்கும் தெரியும். சரி, என்னை வாசல் வரைக்கும் பிடிச்சுக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பெஞ்சில் மேனேஜரை உட்காரவைத்து, சாம்பிள் முதலில் தன் ஷூவை மாட்டிக்கொண்டார். பிறகு மேனேஜர் இடத்திலிருந்த ஜோடியை எடுத்துக்கொண்டு கீழே மண்டியிட்டார்.

"மெதுவாய்யா... ஸ்ஸ்... அம்மா!"

"வேணும்னா வெறுங்காலோட போயிடுங்க சார்."

"நான் போட்ட உத்தரவை நானே மீறவா? தள்ளுய்யா. போடப் போட விரிஞ்சு கொடுக்கும்."

சாம்பிள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். மேனேஜர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறினார். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா இதைப் பார்த்தாள், சுவரில் இருந்த சுற்றறிக்கையைப் பார்த்தாள், மறுபடி அந்தக் காலைப் பார்த்தாள். துடைப்பானைத் தடாலென்று கீழே போட்டாள்.

"என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுத்துக்குங்கய்யா, இனிமே என்னால பார்க்க முடியாது! அது அந்த சாரோட ஷூ, உங்களுது அவர் கால்ல கிடக்கு. மொத நாள் மதியம் தொடைச்சு வைக்கிறப்ப நான்தான் இடம் மாத்தி வச்சுட்டேன், திங்கக்கிழமை சொல்லிடலாம்னு ஓடி வந்தா, அதுக்குள்ள ஷூவைப் பத்தி யாரும் வாயே தொறக்கக் கூடாதுன்னு நீங்களே எழுதி ஒட்டிட்டீங்களே!"